தண்ணீர்த் தொட்டியின் மூன்றாவது தூண்

"இருமாத இரு," என்று சொல்லிவிட்டுத்தான் கோதண்டபாணி கதவைச் சாத்துவார். அடுத்த நொடி வெளிப்பக்கம் தாழ்ப்பாள் விழும். ஸ்டூடியோவின் முன்னறைக்கு ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அவர் மனைவி தில்லையம்மாளுக்கு இருமல் வியாதி எதுவும் கிடையாது. இந்தப் பதினோரு வருஷத்தில் ஆள் இருக்கும்போது ஒரே ஒரு தடவை இருமியிருப்பாள். "பூனைங்க, பூனை," என்று அவர் வந்தவர்களிடம் சமாளித்துவிட்டு, சாப்பிடும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"பூனை இருமுமா?" என்று இவள் கேட்டாள்.

"நம்ம வூட்டு பூனை இருமும்," என்றார்.

பெரிய காஞ்சிபுரத்தில் அந்த ஸ்டூடியோவுக்கு மூன்று அறை. முன்னால் படம் எடுக்கிற அறை, நடுவில் கழுவுகிற இருட்டறை, கடைசியில் தில்லையம்மாள். அவளுக்கு ஒரு சாய்வு மேசை உண்டு. மேசை நடுவில் தேய்த்த கண்ணாடி பதித்திருக்கும். ஜன்னல் வெளிச்சம் அதன் வழியாகக் கீழிருந்து மேலே வரும். அதன்மேல் நெகடிவை வைத்து, உப்புத்தாளில் ஊசியாகத் தீட்டின பென்சிலால், முகத்தில் இருக்கிற பரு, தழும்பு, கண்ணுக்கடியில் இருக்கிற கருப்பு எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக மூட வேண்டும். நெகடிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா, தழும்பு வெளிச்சக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பென்சிலால் நிரப்பிவிட்டால் படத்தில் தழும்பே இருக்காது.

அவளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் கோதண்டபாணிதான். கற்றுக்கொடுத்த இரண்டாம் வருஷமே அவர் கண் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க உதவாமல் போயிற்று. அதற்குள் அவள் கை அவர் கையைத் தாண்டிப் போயிருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. வாசல் போர்டில் மட்டும் 'மெட்ராஸ் ரீடச் செய்து தரப்படும்' என்று பெரிதாக எழுதியிருந்தது.

"ஏங்க, மெட்ராஸ்னு பொய் எதுக்கு?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"உள்ளூர் பொம்பள கை வெச்சதுன்னு தெரிஞ்சா கல்யாண வூட்டுக்காரன் வருவானா? எம் பொண்ணு மூஞ்சில இன்னா இருந்துது, எங்க இருந்துதுன்னு ஊரெல்லாம் சொல்லிடுவான்னு பயப்பட மாட்டான்? மெட்ராஸ்காரனுக்கு யாரைத் தெரியும்?"

அது நியாயம்போலத்தான் இருந்தது. தாழ்ப்பாளும் நியாயமாகவே விழுந்துகொண்டிருந்தது. ஊரில் யார் என்ன பேசுகிறார்கள், யாருக்கு எந்த இடத்தில் சம்பந்தம் என்பதெல்லாம் நடுவில் இருந்த பலகைத் தடுப்பின் வழியாக அவளுக்குக் குரலாக வந்து சேரும். குரலை வைத்தே முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். இரண்டு நாள் கழித்து நெகடிவ் வரும்போது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஆட்சி மாறின மறுவருஷம் சித்திரையில் அந்தப் பலகை வழியாக ஒரு புதுக் குரல் வந்தது.

"இருவத்தி நாலு படம்யா, கோதண்டபாணி. எல்லாம் அரை பிளேட்டு சைசு. ஸ்டேஷன் தண்ணித் தொட்டி, கூட்ஸ் ஷெட்டு, சிக்னல் கேபின், இன்ஜினுக்கு தண்ணி வுடற தும்பிக்கை, வாலாஜாபாத்துல அந்த பழைய கிணறு. அத்தனையும் வெள்ளக்காரன் கட்டினது. படம் மெட்ராஸ்ல பெரிய ஆபீசர் மேஜைக்குப் போவுது. ஏனோதானோன்னு எடுக்காத."

"ரயில்வே ஆர்டர் சார். நான் வுடுவனா?"

குரலுக்குரியவர் வரதராஜன். ரயில்வேயின் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஸ்பெக்டர். நல்ல உயரமாக இருப்பார், வெற்றிலை போடுகிறவர் என்று தில்லையம்மாள் முடிவுகட்டினாள்.

நான்கு நாள் கோதண்டபாணி வெயிலில் கிடந்து படம் எடுத்துவிட்டு வந்தார். அந்த நான்கு நாளும் சாப்பாட்டு நேரத்தில் வீடு கலகலவென்று இருந்தது. கரிப்புகையும் சாயப்பட்டறை வாடையும் அவர் சட்டையோடு வந்தன.

"கேமராவை நிறுத்தி கருப்புத் துணிக்குள்ள தலைய வுட்டுக்கினு பாக்கறேன், கூட்ஸ் ஷெட்டு ஆளுங்க மொத்தமும் சுவத்துக்கு முன்னாடி வரிசையா நிக்கிறானுங்க. டேய், நான் சுவத்தை எடுக்கறேன்டா, ஒதுங்குன்றேன். சுவத்துக்கு இன்னாண்ணே கல்யாணமான்றான்!"

"ஐய, அப்புறம்?"

"அப்புறம் இன்னா? அரக்கோணம் வண்டி வந்து தும்பிக்கைகிட்ட நின்னுது. டிரைவரு மூஞ்சி பூரா கரி. கேமராவைப் பாத்ததும் சீப்பை எடுத்து தலைய சீவறான். நான் இன்ஜினை எடுக்கறேன்பான்னா, நான் இல்லாத இன்ஜினு ஏதுன்றான். அவனும் வாஸ்தவமாத்தான கேக்கறான்?"

தில்லையம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் அப்படிப் பேசி நெடுநாள் ஆகியிருந்தது.

நெகடிவ்கள் வந்தபோது எட்டு நாள் அவள் வேறு வேலை தொடவில்லை. பெண் முகமும் மாப்பிள்ளை முகமும் பார்த்துச் சலித்த கண்ணுக்குத் தண்டவாளம் ஓடுகிற தூரமெல்லாம் விருந்தாக இருந்தது. வெள்ளை இன்ஜின் கருப்பு ஆவி விட்டது. சாயப்பட்டறைப் புகைபோக்கி வெள்ளைக் கொம்பாக நின்றது. கூட்ஸ் ஷெட் ஓட்டில் கறை இருந்த இடங்களை மூடினாள். கேபின் சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடங்களை நிரப்பினாள். அவர் என்ன சொல்லிக் கொடுத்தார்? "சுத்தமா வரணும், மெட்ராஸ் பெரிய ஆபீசருக்குப் போவுது." அவ்வளவுதான் சொன்னார்.

தண்ணீர்த் தொட்டிப் படம் கடைசியாக வந்தது. நான்கு செங்கல் தூண். மேலே வீடுபோல ஓர் இரும்புத் தொட்டி. மூன்றாவது தூணில், தொட்டி உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து தரை வரைக்கும் கோணலும் மாணலுமாக ஒரு வெளிச்சக் கோடு இறங்கியது. நடுவில் அதிலிருந்து ஒரு அரசங்கன்று எட்டிப் பார்த்தது.

'ஐயோ பாவம், எம்மாம் பெரிய தழும்பு' என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு பகல் முழுக்க அந்தத் தூணுக்கே போயிற்று. கோட்டை மூடியதோடு விடாமல், செங்கலுக்குச் செங்கல் நடுவில் இருக்க வேண்டிய சாந்துக் கோடுகளைக்கூட ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்தாள். அரசங்கன்றை மட்டும் விட்டுவிட்டாள். இலை இலையாக அழகாக இருந்தது.

தூணின் அடியில் ஒரு பெண் கூழ்ப்பானையோடு உட்கார்ந்திருந்தாள். முகம் பூரா அம்மைத் தழும்பு. அது வடிவு. தில்லையம்மாளுக்குத் தெரிந்தவள். பின்பக்கச் சந்தில் போகும்போது ஜன்னலில் நின்று பேசுவாள். பென்சிலோடு இவளைப் பார்த்துவிட்ட ஒரே வெளியாள் அவள்தான். தில்லையம்மாள் அந்த முகத்தையும் மூடி முடித்தாள்.

கோதண்டபாணி அந்தப் படத்தில் ஒரு பிரதியை வடிவிடம் கொடுத்திருக்கிறார். மறுநாளே ஜன்னலில் தட்டல்.

"அக்கா, இது யாரு?"

"நீதான்டி."

"நானா? அம்மை போட்ட மூஞ்சி எங்க போச்சி?"

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா! எங்க வூட்டுக்காரு பாத்துட்டு, யாருடி இவ, நல்லா இருக்கறா, எந்த ஊருன்னு கேக்கறாரு. செருப்பால அடின்னேன்." வடிவு படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆமா, தூணுல ஒரு வெடிப்பு இருக்குமே, என் தலைக்கு மேல, பொடி டப்பா சொருவி வெப்பனே. அதையும் காணமே?"

"அதையும்தான் எடுத்துட்டேன்," என்றாள் தில்லையம்மாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

இருபது நாள் கழித்து வரதராஜன் மறுபடி வந்தார். இந்தத் தடவை 'இருமாத இரு' என்று சொல்வதற்குக்கூட நேரம் இல்லை. தாழ்ப்பாள் விழுந்ததும் குரல் வெடித்தது.

"யோவ், இன்னாய்யா பண்ணி வெச்சிருக்கற? விரிசல் எங்கய்யா?"

"எந்த விரிசல் சார்?"

"எந்த விரிசலா? வெயில்ல உன்னை நிக்க வெச்சி, குச்சியால தொட்டுத் தொட்டுக் காட்டினேனே, மூணாவது தூணு, அந்த விரிசல்! தொட்டி வுழப்போவுது, இடிச்சிட்டு புதுசு கட்டணும்னு நான் ரிப்போர்ட் எழுதறேன். கூட உன் படம் போவுது. படத்துல தூணு புது மாப்பிள்ளையாட்டம் நிக்குது! அரசங்கன்னு மட்டும் இருக்குது. அது எதுல முளைச்சிருக்குதுன்ற? காத்துலயா?"

தில்லையம்மாளின் கையிலிருந்த பென்சில் முனை முறிந்தது.

"கேமரா பொய் சொல்லாது சார்," என்று கோதண்டபாணியின் குரல் மெல்லிசாக வந்தது.

"அப்ப நான் பொய் சொல்றேனா? அதைத்தான் மெட்ராஸ்ல கேக்கறாங்க. தொட்டி நல்லாத்தான் இருக்குது, மேல பூசி வெள்ளையடிச்சா போதும்னு ஆர்டர் வந்துடிச்சி. கான்ட்ராக்டர் நேத்தே பூசிட்டான். அந்த வெடிப்பைப் பாத்துட்டு ஒரு வருசமா பாதித் தண்ணிக்கு மேல நான் ஏத்த வுடலய்யா. இப்போ கருட சேவை ஸ்பெஷல் வண்டிங்க வருது. பெரிய ஆபீசர் வியாழக்கிழமை நேர்ல வராரு. வந்து பாத்துட்டு, எனக்கு சஸ்பெண்டு ஆர்டர் குடுத்துட்டு, தொட்டிய ரொப்பச் சொல்லிட்டுப் போவப்போறாரு. அடியில எத்தினி ஜனம் உக்காந்துக்கினு இருக்குது தெரியுமா? நீயும் வரணும். இருவத்தி நாலு நெகடிவையும் எடுத்துக்கினு வா. அது சர்க்கார் சொத்து."

அவர் போன பிறகும் தாழ்ப்பாள் திறக்கவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் நாற்காலி ஒரு தடவை முனகியது. தில்லையம்மாள் அந்த நேரம் முழுக்க, தூணின் அடியில் தான் அழகாக்கி வைத்த முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்ததும் அவள்தான் முதலில் பேசினாள்.

"விரிசலைக் காட்டத்தான் எடுக்கச் சொன்னாங்கன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

"கேக்கறதுக்கு நீங்க என்னை வெளிய வுட்டாத்தான?"

அவர் உட்கார்ந்தார். பிரிண்டு போட்டவர் அவர்தான். அந்தக் கண்ணுக்கு விரிசல் இருந்ததும் தெரிந்திருக்காது, போனதும் தெரிந்திருக்காது. அதை இவள் சொல்லவில்லை.

"ஏங்க, டர்பன்டைன் வெச்சி தொடச்சா பென்சிலு மொத்தமும் போயிடும். பழையபடி விரிசல் வந்துடும். நாளைக்கே வேற பிரிண்டு போட்டுக் குடுத்துடலாம்."

"குடுத்தா? முன்னாடி குடுத்தது பொய்னு நானே கையெழுத்து போட்ட மாதிரி ஆவும். சர்க்கார் ரிக்கார்டுல கை வெச்சியான்னு கேப்பான். எந்த மெட்ராஸ்காரன் பண்ணான், ஆளைக் கூட்டியான்னு கேப்பான். யாரைக் கூட்டிக்கினு போவேன்? உன்னையா?"

"என்னைக் கூட்டிக்கினு போங்க."

"போயிட்டு? நம்ம கடைக்கு அப்புறம் எவன் வருவான்? எல்லாப் பொண்ணு வூட்டுக்காரனும் தடியை எடுத்துக்கினு வருவான்."

"தொட்டி வுழுந்தா, அடியில வடிவு இருக்கறாளே?"

"வெள்ளக்காரன் கட்டினது, அறுவது வருசமா நிக்குது. அது ஒண்ணும் வுழாது," என்றார். சொன்னவர் குரலிலேயே அதற்கு ஆதாரம் இல்லை. அவர் கெட்டவர் இல்லை. ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் அவரை மறித்துக்கொண்டு நின்றது, அதை நகர்த்த அவருக்குத் தெரியவில்லை. தில்லையம்மாளுக்கு அது புரிந்தது. புரிந்ததனால் ஒரு உபயோகமும் இல்லை.

புதன்கிழமை ஜன்னலில் வடிவு நின்றாள்.

"அக்கா, என் வயித்தெரிச்சலைக் கேளேன். தூணைப் பூசிட்டானுங்க. என் பொடி டப்பாவையும் உள்ள வெச்சே பூசிட்டானுங்க! நாலு வெரல் போவும் அந்த சந்துல, புது டப்பா."

"நாலு வெரலா?"

"இந்தா, இப்படி," என்று நான்கு விரலையும் சேர்த்துக் காட்டினாள். "போன மழைக்கு ரெண்டு வெரல்தான் போச்சி."

தில்லையம்மாள் தன் நான்கு விரலையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். நெகடிவில் அது நூல் அகலம்தான் இருந்தது.

"வடிவு, நீ அங்க உக்காராத. அந்தத் தூணு ஆவாது. வுழுந்துடும்."

"நீ ஒருத்தி! வுழும்னா ரயில்வேக்காரனுக்குத் தெரியாதா? அதுக்குத்தான போட்டோ புடிச்சி மெட்ராஸுக்கு அனுப்பிப் பாத்தாங்க? ஒண்ணும் இல்லன்னுட்டாங்களாமே. இந்த வெயிலுக்கு அதை வுட்டா எனக்கு நிழல் எங்க கெடக்குது?"

ஒண்ணும் இல்லன்னுட்டாங்களாமே. தன் கைவேலையை நம்பித்தான் வடிவு அங்கே உட்கார்ந்திருக்கிறாள். தில்லையம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வடிவு பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை கோதண்டபாணி சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். நெகடிவ் பெட்டியைத் துணியில் கட்டினார்.

"நானும் வரேன்," என்றாள்.

"நீ வந்து?"

"வந்து சொல்றேன்."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "ரெண்டு கல்யாண நெகடிவ் இருக்குது. சாயங்காலம் கேப்பாங்க," என்று மேசையைக் காட்டிவிட்டு வெளியே போனார். முன்னறையில் ஆளே இல்லை. ஆனாலும் தாழ்ப்பாள் விழுந்தது.

தில்லையம்மாள் கத்தவில்லை. கத்தினால் யார் என்று தெரு கேட்கும். மணப்பெண் நெகடிவைக் கண்ணாடி மேல் வைத்தாள். நெற்றியில் ஒரு வெட்டுத் தழும்பு. பென்சிலை எடுத்தாள், வைத்தாள்.

"அக்கா!" என்று சந்தில் குரல். "ஆபீசர் வராருன்னு எங்களை எல்லாம் துரத்திட்டானுங்க. அவரு போனதும் வந்து உக்காந்துக்கோன்றான் அந்த பியூனு. தொட்டிய வேற காலைலேந்து ரொப்பறானுங்க, மோட்டாரு கத்துது. ஒரு சொம்பு தண்ணி குடேன்."

"ரொப்பறாங்களா! ஆபீசர் வந்து பாத்த பொறகுதானே?"

"பாக்கறதுக்கு இன்னா இருக்குது? பாதிக்கு மேல ஏறிடிச்சி."

"வடிவு, இருட்டறைக்குள்ள வர்ற கொல்லைப்பக்கக் கதவு சும்மாதான் சாத்தியிருக்குது. உள்ள வந்து இந்தத் தாழ்ப்பாளை எடு."

வடிவு வந்தாள். ஒரு விரலால் தூக்கினாள். கதவு திறந்தது. "இன்னாக்கா, உன்னை உள்ள வெச்சி சாத்திட்டா போவாரு?" என்றாள் ஆச்சரியமாக. தில்லையம்மாள் டர்பன்டைன் புட்டியையும் ஒரு பிடி பஞ்சையும் எடுத்துக்கொண்டாள். வீட்டில் கட்டுகிற பழம்புடவை. விரலெல்லாம் பென்சில் கருப்பு. அப்படியே நடந்தாள்.

சாயப்பட்டறைச் சாக்கடை அன்று நீலமாக ஓடியது. ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முன்னும் போகாமல் பின்னும் போகாமல் குறுக்கே நின்றது. அரிசி லாரிகள் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தன.

"எப்ப போவும்?" என்று கேட்டாள்.

"இன்ஜினுக்கு தண்ணி இல்லையாம். போவறப்ப போவும்," என்றான் ஒரு லாரிக்காரன்.

வடிவு குனிந்து இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நுழைந்து அந்தப் பக்கம் போனாள். தில்லையம்மாளும் புட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிரீசும் கரியும் புடவையில் ஈஷ, இரும்புக் கொக்கிக்கு அடியில் நுழைந்தாள். பாதியில் இருக்கும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. "அக்கா!" என்று வடிவு அலறிக் கையைப் பிடித்து இழுத்தாள்.

தொட்டியடியில் குடைக்குக் கீழே பெரிய ஆபீசர் நின்றிருந்தார். பக்கத்தில் பைலோடு அவருடைய கிளார்க், திருஞானசம்பந்தம் என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள். வரதராஜன் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். அவர் குள்ளம், வெற்றிலை போடுகிறவரும் இல்லை. கோதண்டபாணி பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஓர் ஓரமாக நின்றார்.

"தூணுல இல்ல, படத்துல இல்ல," ஆபீசர் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்க ரிப்போர்ட்ல மட்டும் இருக்குது விரிசல். வீட்லேந்து கொண்டாந்தீங்களா?"

"பூசினதைக் கொத்திப் பாத்துடலாம் சார்."

"போன வாரம் பூசினதை இந்த வாரம் கொத்தறதா? அதுக்கு யாரு ஆர்டர் குடுக்கறது?"

"சார்," என்றாள் தில்லையம்மாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆள் இருக்கும் இடத்தில் பேசிப் பழக்கமில்லாத தொண்டை. மறுபடியும் கூப்பிட்டாள். "சார், விரிசல் இருந்துது. நான்தான் மூடினேன்."

கோதண்டபாணி குறுக்கே வந்தார். "சார், எங்க வூட்டுக்காரி, ஒண்ணும் தெரியாது சார். ஏய், வூட்டுக்குப் போ!"

"நீ யாரும்மா மூடறதுக்கு? கொத்தனாரா?" என்றார் ஆபீசர்.

"படத்துல மூடினேன் சார். பென்சிலால. மூஞ்சிங்கள்ல இருக்கற தழும்பை மூடறதுதான் எனக்கு வேலை. இதையும் அப்படித்தான் நெனச்சேன். காட்டறதுக்குன்னு எனக்குத் தெரியாது."

வரதராஜன் கோதண்டபாணியைத் திரும்பிப் பார்த்தார். "யோவ், இதுதான் உன் மெட்ராஸா?"

"ரெண்டுல எது நெசம்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஆபீசர். "இன்ஸ்பெக்டரைக் காப்பாத்த இன்னைக்குக் கதை கட்டிக்கினு வந்திருக்கலாம்."

"நெகடிவைக் குடுக்கச் சொல்லுங்க சார். நான் ஒண்ணும் எழுதப் போறதில்ல. துடைக்கத்தான் போறேன்."

கோதண்டபாணி பெட்டியை விடவில்லை. அவர் விரல்களை அவள் பார்த்தாள். பத்து விரலும் வெளுத்திருந்தன. "குடுய்யா," என்றார் ஆபீசர். விரல்கள் தளர்ந்தன.

தொட்டி நெகடிவை எடுத்து, ஆபீசர் பார்க்கிற மாதிரி ஆகாயத்துக்கு நேராகப் பிடித்தாள். தூண் முழுசாக இருந்தது. பஞ்சை நனைத்து மேலிருந்து மெதுவாக இழுத்தாள். பஞ்சு கருத்தது. ஒரு பகல் முழுக்க வைத்த புள்ளிகள் ஒரே இழுப்பில் கரைந்து போயின. தொட்டிக்கு அடியில் ஒரு வெளிச்சப் புள்ளி பிறந்தது. பஞ்சு இறங்க இறங்க அது கோடானது, கிளைத்தது, அரசங்கன்றின் வேரைத் தொட்டது, தாண்டியது, தரையில் உட்கார்ந்திருந்த வடிவின் தலைக்கு மேல் வந்து நின்றது.

"ஃபிலிம்ல இருக்கறது டர்பன்டைனுக்குப் போவாது சார். மேல வெச்சதுதான் போவும்," என்றாள்.

மோட்டார் கத்திக்கொண்டிருந்தது. ஆபீசர் நெகடிவைப் பார்த்தார். பளிச்சென்று நின்ற வெள்ளைத் தூணைப் பார்த்தார். பிறகு, தான் நிற்கிற இடத்தைப் பார்த்தார். குடையோடு நான்கடி பின்னால் போனார்.

"மோட்டாரை நிறுத்து. வால்வைத் திற. எல்லாரும் தூரப் போங்க."

"ஆர்டர் சார்?" என்றார் திருஞானசம்பந்தம் பைலைப் பிரித்தபடி.

"அப்புறம் எழுதிக்கலாம், திறய்யா!"

தண்ணீர் யானைக்கூட்டம்போல இறங்கியது. கரி மிதக்க, தண்டவாளத்தின் நடுவில் ஆறாக ஓடியது. எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியவில்லை, அரை நாழியில் இருபது பெண்கள் குடமும் தவலையுமாக நின்றார்கள். "என் பொடி டப்பாவையும் பாத்து எடுங்கய்யா!" என்று வடிவு கத்தினாள். வரதராஜன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திருஞானசம்பந்தம் ஒரு பார்சல் பெட்டியின் மேல் தாளை வைத்து உட்கார்ந்தார்.

"வாக்குமூலம் எழுதணும்மா. பேரு?"

"தில்லையம்மாள்."

"வூட்டுக்காரர் பேரு?"

"அதோ நிக்கிறாரு, அவரையே கேளுங்க."

"தொழில்?"

"வூட்டு வேலைன்னு போடுங்க சார்," என்றார் கோதண்டபாணி அவசரமாக.

திருஞானசம்பந்தம் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். "போடலாம். ஆனா ஒண்ணு. சர்க்கார் நெகடிவைத் திருத்தினது யாருன்னு அடுத்த கேள்வி இருக்குது. இந்தம்மாவுக்கு வூட்டு வேலைன்னா, திருத்தினது ஸ்டூடியோக்காரர்னு ஆவும். விசாரணை உங்க மேல. ரீடச்சர்னு போட்டா விசாரணை இந்தம்மா மேல. யோசிச்சி சொல்லுங்க."

தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. தில்லையம்மாள் காத்திருந்தாள். அவர் எதைச் சொன்னாலும் சரி, ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும் என்று இருந்தது அவளுக்கு. கோதண்டபாணி அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ரீடச்சர்னு எழுதுங்க," என்றாள்.

"எத்தினி வருசமா?"

"பதினோரு வருசமா."

"யாருகிட்ட கத்துக்கினம்மா?"

"அவருகிட்டதான். நல்லா சொல்லிக் குடுத்தாரு."

பேனா ஓடியது. மீதி இருபத்து மூன்று நெகடிவையும் சனிக்கிழமைக்குள் துடைத்துத் தர வேண்டும் என்று எழுதினார். எழுதினதைப் படித்துக் காட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். திருஞானசம்பந்தம் அந்த எழுத்தைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். அவ்வளவு பொடிசாக, அவ்வளவு தெளிவாக இருந்தது.

"விசாரணை முடியற வரைக்கும், ஸ்டேஷன் மாஸ்டருக்கு எழுதிக் குடுக்காம ஊரை வுட்டு நீ எங்கியும் போவக் கூடாதும்மா. தெரியுதா?"

தில்லையம்மாள் தும்பிக்கைக் குழாயைப் பார்த்தாள், கேபினைப் பார்த்தாள், கூட்ஸ் ஷெட் ஓட்டைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் எந்த இடத்தில் எத்தனை புள்ளி வைத்தாள் என்று அவளுக்குத் தெரியும்.

"இதோ இருக்கற முசரவாக்கத்தைத் தாண்டி நான் எந்த ஊருக்கு சார் போயிருக்கறேன்?" என்றாள். "இன்னும் ரயில்லயே ஏறினது இல்ல."

நல்ல தமாஷ் என்று நினைத்துக்கொண்டு அவர் உரக்கச் சிரித்தார்.